திருக்குணகிரி: கருப்பண்ணசாமி காவல்ல ஒரு சமணப் பாறை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கோம்.)

குச்சனூர்னு சொன்னா தேனிப் பக்கம் எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது சனீஸ்வரர்தான். சுரபி நதிக் கரையில சுயம்பு சனீஸ்வரர் கோயில். சாதாரண சனிக்கிழமையே கூட்டம் இருக்கும், ஆடி மாசச் சனிக்கிழமைன்னா கேட்கவே வேண்டாம். மதுரை, திண்டுக்கல்லுன்னு மட்டும் இல்ல, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில இருந்தும் ஜனங்க வருவாங்க. எள் விளக்கு போட்டு, காக்காய்க்குச் சோறு வச்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள பஸ் ஏறிடுவாங்க.

அந்தக் கோயில்ல இருந்து அரை மணி நேரப் பயணத்துல, உத்தமபாளையத்தை ஒட்டி, ஒரு பாறை இருக்கு. அதுல ஆயிரம் வருஷத்துக்கு மேல பழமையான தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையா உட்கார்ந்திருக்கு, நின்னுட்டும் இருக்கு. கல்வெட்டு அந்த இடத்தைத் திருக்குணகிரின்னு சொல்லுது. ஊர்ல அப்படிக் கேட்டா யாருக்கும் தெரியாது. கருப்பண்ணசாமி கோயில் பாறைன்னு கேட்டா வழி சொல்லிடுவாங்க. இன்னைக்குப் பேசப் போறது இந்த இடத்தைப் பத்தித்தான். ஒரே பாறைக்கு ஏன் ரெண்டு பேரு, நடுவுல என்ன ஆச்சு?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அஜந்தா, எல்லோரா மாதிரி பெரிய குகை வளாகத்தை எதிர்பார்த்துப் போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. தமிழ்நாட்டுச் சமணக் குகைகள் பெரும்பாலும் அப்படி இருக்காது. இயற்கையாவே முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கற ஒரு பெரிய பாறை, அதோட நிழல், பக்கத்துல எங்கேயாவது தண்ணி. அவ்வளவுதான் துறவிகளுக்குத் தேவைப்பட்டது. அந்தப் பாறைகள்ல ரெண்டு காலத்து வேலைப்பாடுகளைப் பார்க்கலாம். இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மதுரையைச் சுத்தி எந்த மலைக்குப் போனாலும் நீங்களே காலம் சொல்லிடலாம்.

முதல் காலம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டுல தொடங்கி கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரைக்கும். அப்போ சிற்பமே கிடையாது. பாறைத் தரையில படுக்கை வெட்டியிருப்பாங்க, தலைமாட்டுல கொஞ்சம் உயரமா, கல்லுலயே தலையணை மாதிரி. மழைத் தண்ணி உள்ள வடியாம இருக்க, பாறையோட நெத்தியில நீளமா ஒரு காடி வெட்டியிருப்பாங்க. அதுக்குப் பக்கத்துல தமிழ்பிராமி எழுத்துல ரெண்டு வரி: இந்தப் படுக்கையை யாரு யாருக்கு வெட்டிக் கொடுத்தாங்கன்னு. மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையில இருக்கற கல்வெட்டுகள்ல நெடுஞ்செழியன்ங்கற பாண்டிய மன்னன் பேரே வருது. 1882-ல ராபர்ட் சூவல் அதைப் பார்த்தார். முழுசா வாசிச்சு, அந்த அரசன் பேரு உறுதியாக, 1960-கள்ல ஐராவதம் மகாதேவன் வர வேண்டியிருந்தது.

ரெண்டாவது காலம் கி.பி. 8-ல இருந்து 10-ஆம் நூற்றாண்டு வரைக்கும். இப்போ படுக்கை வெட்டறது நின்னுடுச்சு. அதுக்குப் பதிலா பாறையில புடைப்புச் சிற்பம். தீர்த்தங்கரர், தலைக்கு மேல முக்குடை, ரெண்டு பக்கமும் சாமரம் வீசறவங்க, சில இடத்துல இயக்கி. எழுத்தும் மாறிடுச்சு, எல்லாம் வட்டெழுத்து. உத்தமபாளையம் முழுக்க முழுக்க இந்த ரெண்டாவது வகை.

இப்போ, இந்தக் காலக்கணக்கு எதுக்கு முக்கியம்? நம்ம எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார், அனல்வாதம் புனல்வாதம் நடந்தது, சமணர் தோத்தாங்க, நின்றசீர் நெடுமாறன் சைவத்துக்கு மாறினான், எண்ணாயிரம் சமணரைக் கழுவேத்தினாங்க. இந்தக் கதை நடந்ததாச் சொல்ற காலம் 7-ஆம் நூற்றாண்டு. கழுவேத்தம் உண்மையிலேயே நடந்ததா, பின்னாடி வந்த புராணக்காரங்க பெருசாக்கினதான்னு அறிஞர்கள் ரொம்ப நாளா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. ஆனா பாறைகிட்டக் கேட்டா ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லுது. பாண்டிய நாட்டுல சமணச் சிற்பங்கள் அதிகமா செதுக்கப்பட்டது அந்தக் கதைக்கு இருநூறு வருஷம் கழிச்சு. கழுகுமலை, ஆனைமலை, கீழக்குயில்குடி, ஐவர்மலை, சிதறால், உத்தமபாளையம் எல்லாமே அதுக்கு அப்புறம்தான். ஒரே ராத்திரியில துடைச்சு எறியப்பட்ட ஒரு சமயத்தால இதைச் செஞ்சிருக்க முடியாது.

பாறைக்கு முன்னாடி

நேரா பாறைகிட்டப் போவோம். சிற்பங்கள் ரெண்டு வரிசையா இருக்கு. சில தீர்த்தங்கரர்கள் தியானத்துல உட்கார்ந்திருக்காங்க, சிலர் கையைத் தொங்க விட்டு நேரா நிக்கறாங்க. பாம்பு தலைக்கு மேல படம் விரிச்சிருந்தா அது பார்சுவநாதர், 23-ஆவது தீர்த்தங்கரர். தமிழ்நாட்டுச் சமணச் சிற்பங்கள்ல சட்டுனு அடையாளம் கண்டுபிடிக்க முடியறது இவரைத்தான். மத்தவங்களைப் பிரிச்சுச் சொல்றது கஷ்டம், ஏன்னா தனி அடையாளச் சின்னத்தை இந்தக் காலத்துச் சிற்பிகள் பெரும்பாலும் செதுக்கல. எல்லாரும் ஒரே முகம், ஒரே அமைதி. முதல் தடவை பார்க்கறவங்களுக்கு இது கொஞ்சம் சலிப்பாக்கூட இருக்கலாம். நடராஜர்கிட்ட இருக்கற துள்ளல், மாமல்லபுரத்துல இருக்கற கூட்டம் எதுவும் இங்க கிடையாது. அந்தச் சமயத்தோட லட்சியமே ஆசையும் கோபமும் அடங்கின நிலைதானே, சிற்பி அதைத்தான் செதுக்கியிருக்கார்.

ஒவ்வொரு உருவத்துக்கும் கீழயும் பக்கத்துலயும் பொடி எழுத்துல வட்டெழுத்து. இன்னைக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்ச நமக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. மொழி தமிழ்தான், எழுத்துதான் வேற. பாண்டிய நாட்டுலயும் மலை நாட்டுலயும் அப்போ வட்டெழுத்துதான் புழக்கம். சோழர்கள் பாண்டிய நாட்டைப் பிடிச்சதுக்கு அப்புறம் அவங்களோட தமிழ் எழுத்து இங்க மெல்ல மெல்ல இடம் பிடிச்சுது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துல வட்டெழுத்து இன்னும் பல நூற்றாண்டு ஓடுச்சு. எழுத்து விஷயத்துல இந்த மலை நிஜமாவே ஒரு எல்லையா மாறினது அப்போதான்னு சொல்லலாம்.

அந்தப் பொடி எழுத்துல ஒரு பேரு வருது: அச்சணந்தி. அஜ்ஜநந்திங்கற பிராகிருதப் பேரோட தமிழ் வடிவம். தமிழ்ச் சமண வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு இவர்தான். ஏன்னு கேட்டா, இவரைப் பத்தி ஒரு புராணமும் கிடையாது, அற்புதமும் கிடையாது. வெறும் பேரு மட்டும், மலை மலையா. மதுரைக்குப் பக்கத்துல ஆனைமலையில இருக்கு. அழகர்மலையில இருக்கு. கருங்காலக்குடியில, பழனிப் பக்கம் ஐவர்மலையில, திருநெல்வேலிப் பக்கம் ஏர்வாடியில, குமரி மாவட்டத்துச் சிதறால்ல. அப்புறம் இங்க, கம்பம் பள்ளத்தாக்குல. கீழக்குயில்குடி சமணர் மலையில பேச்சிப்பள்ளம்னு ஒரு இடம், அங்க இவரோட அம்மா குணமதியார் பேரும் கல்வெட்டுல இருக்கு. உலகத்தைத் துறந்தவர், ஆனா அம்மா பேரு மகன் பேரோட சேர்ந்து கல்லுல நிக்குது.

எல்லாம் ஒரே அச்சணந்திதானா, ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் இருந்தாங்களாங்கற கேள்வி நியாயமானதுதான். இருந்தாலும் ஒரு வரைபடத்துல இந்த இடங்களையெல்லாம் புள்ளி வச்சுப் பாருங்க. பழனி, மதுரை, கம்பம், திருநெல்வேலி, குமரி. பாண்டிய நாடு முழுக்க ஒரு வட்டம் வந்துடும். சமணத் துறவிகள் வண்டி, குதிரை ஏறக் கூடாது, நடந்துதான் போகணும். மழைக்காலம் நாலு மாசம் ஓரிடத்துல தங்கணும், மத்த மாசமெல்லாம் நடை. இந்தப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்கறது எல்லாமே காலால அளந்த தூரம்.

அரிட்டநேமிங்கற துறவியோட பேரும் உத்தமபாளையத்துல வருது. இதே பேர்ல ஒரு ஆசிரியர் சிதறால் கல்வெட்டுலயும் இருக்கார். அங்க குணந்தாங்கிக் குரத்திகள்னு ஒரு பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததாக் கல்வெட்டு இருக்கு. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனோட 28-ஆவது ஆட்சியாண்டு. அந்த அம்மா தன்னை அரிட்டநேமி பட்டாரரோட மாணாக்கின்னு சொல்லிக்கறாங்க. குரத்தின்னா ஆசிரியை. கழுகுமலையில இப்படிக் குரத்திகள் பேரு வரிசையாவே வருது. 9-ஆம் நூற்றாண்டுல பெண்கள் ஆசிரியரா இருந்தாங்க, அவங்களுக்கு மாணவர்களும் இருந்தாங்க, அவங்க பேரு கல்லுல ஏறியிருக்கு. பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்துல இதுக்கு ஒரு வரி கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒரு விளக்கும் ஒரு செப்பேடும்

உத்தமபாளையத்துக் கல்வெட்டுகள்ல ஒண்ணு மத்ததை விடப் பெருசு. சடையமாறன்ங்கற பாண்டிய மன்னன் காலத்துல திருக்குணகிரித் தேவருக்கு விளக்கு எரிக்க முதல் வச்ச செய்தி அது. இந்த முதல்ங்கற ஏற்பாடு சுவாரசியமானது. மொத்தமா ஒரு தொகையைக் கொடுத்துடணும், அதைத் தொடக் கூடாது, அதுல இருந்து வர்ற பலிசையில, அதாவது வட்டியில, எண்ணெய் வாங்கணும். சந்திரன், சூரியன் இருக்கற வரைக்கும் எரியணுங்கறது கணக்கு. இன்னைக்கு நாம ஃபிக்ஸட் டெபாசிட்னு சொல்றோமே, அதேதான். இதே மாதிரி ஏற்பாடு ஐவர்மலையிலயும் இருக்கு. அங்க சாந்திவீரக் குரவர்னு ஒரு துறவி, பழசாப் போயிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கி உருவத்தையும் புதுப்பிச்சு, 505 காணம் பொன் முதல் வச்சார். அந்தக் கல்வெட்டுல சக ஆண்டு 792-ன்னும், வரகுணனோட எட்டாவது ஆட்சியாண்டுன்னும் ரெண்டு கணக்கும் சேர்ந்து இருக்கு. அதனாலதான் இரண்டாம் வரகுணன் கி.பி. 862-ல பட்டத்துக்கு வந்தான்னு துல்லியமாச் சொல்ல முடியுது. பாண்டியர் வரலாற்றோட காலக்கணக்குக்கே ஒரு சமண மலையில இருக்கற கல்வெட்டுதான் ஆணி.

சரி, இந்தச் சடையமாறன் யாரு? பல ஆய்வாளர்கள் இவரை இராஜசிம்மன்ங்கற பாண்டியனோட ஒண்ணா வைக்கிறாங்க. அந்த இராஜசிம்மன் வெளியிட்டதுதான் சின்னமனூர்ச் செப்பேடு. சின்னமனூர் எங்க இருக்கு? குச்சனூருக்குப் பக்கத்து ஊரு! நீங்க குச்சனூர் போற பஸ் பெரும்பாலும் சின்னமனூர்ல இருந்துதான் கிளம்பும்.

இந்தச் செப்பேடு தமிழ் வரலாற்றுல ரொம்பப் பெரிய ஆவணம். பாண்டியர் வம்சத்தோட பெருமையெல்லாம் அதுல வரிசையா வருது. முன்னோர்கள் மகாபாரதத்தைத் தமிழ்ல ஆக்கினாங்க, மதுரையில சங்கம் வச்சாங்கன்னு ஒரு செய்தி இருக்கு. சங்கம் நிஜமா, கற்பனையான்னு யார் விவாதிச்சாலும் இந்த வரியைத் தொடாம இருக்க முடியாது. அது தவிர, நற்செய்கைப்புத்தூர்ங்கற ஊரை ஒரு பிராமணருக்குத் தானமாக் கொடுத்த விவரம். பாதி வடமொழி, பாதி தமிழ். இந்தப் பள்ளத்தாக்குக்கு அப்போ அளநாடுன்னு பேரு. சின்னமனூர்ப் பகுதி அரிகேசரிநல்லூர்ங்கற பிரமதேயம்.

அரிகேசரிங்கறது யாரோட பட்டம் தெரியுமா? நின்றசீர் நெடுமாறனோட அடையாளம் காணப்படற 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியனோட பட்டம். சமணத்தை விட்டுச் சைவத்துக்கு மாறினான்னு சொன்னோமே, அவனே. அவன் பட்டப்பேரைச் சுமக்கற பிராமண ஊரு ஒரு பக்கம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, இருநூறு வருஷம் கழிச்சு, சமணத் தேவருக்கு விளக்கு எரிய முதல் வைக்கிறாங்க. ரெண்டுக்கும் ஒரே அரசு. இவங்க ஒருத்தரை ஒருத்தர் நேசிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. அடுத்தடுத்த ஊர்ல இருந்தாங்க, அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுதானே நம்ம தலையில இருக்கற கதையில இல்லையே.

இராஜசிம்மனோட முடிவு தனிக் கதை. சோழன் முதலாம் பராந்தகன் மதுரையைப் பிடிச்சதும், உதவி கேட்டு இலங்கைக்குப் போனான். அங்க எதிர்பார்த்தது கிடைக்கல. பாண்டியர் மணிமுடியை இலங்கை அரசன்கிட்டயே விட்டுட்டு, கேரளத்துக்குப் போயிட்டான். அவன் அம்மா வானவன் மாதேவி சேரர் வீட்டுப் பெண், அதனால அது அம்மா வீடு. அந்த முடியை மீட்க நூறு வருஷம் கழிச்சு ராஜேந்திர சோழன் வர வேண்டியிருந்தது.

எல்லைன்னு ஒண்ணு

கேரள எல்லை, மலைக்காடு, தள்ளி இருக்கற ஊரு: இந்த இடங்களைப் பத்தி யார் எழுதினாலும் இந்த மூணு வார்த்தையும் வந்துடும். இன்னைக்கு அது சரி. சென்னையில இருந்து ராத்திரி பஸ் ஏறினா காலையில வந்து சேரணும். ஆனா இந்த வார்த்தையை ஆயிரம் வருஷம் பின்னாடி கொண்டு போனா தப்பாயிடும்.

கம்பம் பள்ளத்தாக்குங்கறது ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் மேகமலை, நடுவுல ஒரு நீளமான பாதை. மதுரையில இருந்து மிளகு விளையற மலைக்கும், அதுக்கு அந்தப் பக்கம் மேற்குக் கடற்கரைக்கும் போகற இயற்கையான வழி இது. மேல ஏறிப் போக மூணு நாலு கணவாய். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு எல்லாம் இன்னைக்கும் அதே வேலையைத்தான் செய்யுது. போடியில மீன் சின்னம் போட்ட பழைய வெள்ளி முத்திரை நாணயங்கள் குவியலாக் கிடைச்சிருக்கு. இன்னைக்கு அதே போடியில ஏலக்காய் ஏலம் நடக்குது. சரக்கு மாறல, வழி மாறல.

இன்னும் பின்னாடி போகணுமா? 2006-ல ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில மூணு நடுகற்கள் கிடைச்சுது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா. ராஜன் குழு கண்டுபிடிச்சது. தமிழ்பிராமி எழுத்து உள்ள நடுகல் அதுவரைக்கும் கிடைச்சதே இல்ல. கூடலூர்ல நடந்த ஆகோள்ல, அதாவது மாடு பிடிக்கற சண்டையில, செத்துப் போன தீயன் அந்தவன்ங்கற ஆளுக்கு எடுத்த கல்லு அதுல ஒண்ணு. கிறிஸ்து பிறக்கறதுக்கு முன்னாடியே. அந்தக் கூடலூரை இதே கம்பம் கூடலூர்னுதான் பலரும் எடுத்துக்கறாங்க. அரசனுக்கு இல்ல, மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஒரு வரி எழுதி வைக்க ஆள் இருந்த ஊரு, அப்போ ஒண்ணும் காட்டு மூலை இல்ல.

துறவிகள் வணிகர் போற வழியிலதான் தங்குவாங்க. அவங்க சமைக்க மாட்டாங்க, பிச்சை ஏத்துச் சாப்பிடணும். ஊர் பக்கத்துல இருக்கணும், ஆனா ஊருக்குள்ள இருக்கக் கூடாது. பேசினா கேட்க ஆள் வேணும், ஆதரிக்க வணிகர் வேணும். மாங்குளம் கல்வெட்டுல வெள்ளறை நிகமத்தார்னு வணிகர் குழுவே வருது. அதனால சமணப் பாறை எங்க இருக்கோ அங்க ஒரு பாதை போயிருக்குன்னு நாம தைரியமா நினைக்கலாம்.

எல்லைங்கறது அப்புறம் வந்தது. 1886-ல முல்லைப்பெரியாறுக்காகத் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 வருஷக் குத்தகை போட்டாங்க. 1895-ல அணை முடிஞ்சு, மலையைக் குடைஞ்சு தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சு. இன்னைக்கு நீங்க பஸ் ஜன்னல்ல பார்க்கற நெல்லு, வாழை, கம்பம் பன்னீர் திராட்சை எல்லாத்துக்கும் பின்னாடி அந்தத் தண்ணி இருக்கு. அச்சணந்தி பார்த்த பள்ளத்தாக்கு இவ்வளவு பச்சையா இருந்திருக்காது. 1956-ல மொழிவாரி மாநிலம் வந்தப்போ தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோட நின்னுடுச்சு. சிதறால் இருக்கற விளவங்கோடு வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்துச்சு. ஒரே ஆள் பேரு செதுக்கின பாறைகள்ல ஒண்ணு எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது, பாறை ஒரு அங்குலம்கூட நகராம.

கருப்பண்ணசாமி என்ன செய்யறார்?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். சமணர் எங்க போனாங்க? கழுமரம் மாதிரி ஒரே பதில் இதுக்குக் கிடையாது. ஆதரிச்ச பாண்டிய அரசு விழுந்துச்சு. கோயில் பெருசாச்சு, நிலம், பொன், வணிகர் ஆதரவு எல்லாம் கோயிலைச் சுத்திச் சேர்ந்துச்சு. மடங்கள்ல புதுசா ஆள் சேரறது குறைஞ்சுது. வடக்க தொண்டை மண்டலத்துல மேல்சித்தாமூரை மையமா வச்சுத் தமிழ்ச் சமணர் இன்னைக்கும் இருக்காங்க. பாண்டிய நாட்டுல மலைகள் காலியாச்சு.

காலியான பாறையை ஊரு சும்மா விடாது. ஐவர்மலையில தீர்த்தங்கரர் வரிசை இருக்கற இடத்தை மக்கள் பஞ்சபாண்டவர் ஐவர் தங்கின இடம்னு சொல்றாங்க, திரௌபதி அம்மன் வழிபாடு நடக்குது. சிதறால்ல இயக்கி பகவதியானாங்க. கீழக்குயில்குடியில மலையடிவாரத்துல அய்யனார், கருப்பு. இங்க கருப்பண்ணசாமி.

இதைப் பார்த்துட்டு, சமணச் சின்னத்தை ஆக்கிரமிச்சுட்டாங்கன்னு இணையத்துல கோபமா எழுதறவங்க இருக்காங்க. எனக்கு அது பாதி உண்மையாத்தான் படுது. மீதிப் பாதியைச் சொல்றேன். மதுரை மாவட்டத்துல கீழவளவு மாதிரி இடங்கள்ல கிரானைட் குவாரி சமணக் குன்றோட வாசல் வரைக்கும் வந்துச்சு. அக்கம்பக்கத்துல இருந்த பாறைகள் பாளம் பாளமாப் போயிடுச்சு. சாமி இருக்கற பாறையில வெடி வைக்கறதுன்னா ஊரே திரளும். 2022-ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். தமிழ்பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலக் குடைவரை மூணும் இருக்கற ஊரு. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியாச்சு. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மொத்தமா ரோட்டுக்கு வந்துச்சு. 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. அந்தப் போராட்டத்துல வரலாற்று ஆர்வலர்கள் இருந்தாங்க, ஆனா பெருந்திரளா வந்தது விவசாயிகளும் அந்த மலையில சாமி கும்பிடறவங்களும்தான்.

சாமியால கெடுதலே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எண்ணெய், விபூதி, பெயிண்ட், சிமெண்ட் பூச்சு, தகரக் கொட்டகை, இதெல்லாம் வட்டெழுத்துக்கு எமன். ஆனா அதை விடப் பெரிய எமன் நம்மள மாதிரி சுத்திப் பார்க்க வர்றவங்க. எந்தச் சமண மலைக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க, தமிழ்பிராமிக்குப் பக்கத்துல ஆணியால கீறின காதலர் பேரு இருக்கும். எண்ணெயைக் கவனமாச் சுத்தம் பண்ணிடலாம். கீறலை எடுக்க முடியாது.

தொல்லியல் துறை பாதுகாப்புன்னு போர்டு வச்சா போதும்னு நினைக்கறவங்க கூடலூருக்கு மேல மங்கலதேவி கண்ணகி கோயிலையும் பார்க்கணும். சரியா மாநில எல்லையில, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ள. கோயில் யாரோடதுன்னு ரெண்டு மாநிலத்துக்கும் பல வருஷத் தகராறு. வருஷத்துல ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பாங்க. இந்தப் பக்கம் பளியன்குடி வழியா மலையேறிப் போகணும், அந்தப் பக்கம் குமுளியில இருந்து ஜீப். மத்த நாளெல்லாம் கல்லு தனியாச் சரிஞ்சுக்கிட்டு இருக்கு. கருப்பண்ணசாமி பாறைக்கு அந்தக் கவலை இல்ல, தினமும் யாராவது வந்து போறாங்க.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். உச்சி வெயில்ல போகாதீங்க. புடைப்புச் சிற்பம் நேர் வெளிச்சத்துல தட்டையாத் தெரியும், எழுத்து சுத்தமாத் தெரியாது. வெயில் சாய்வா விழற நேரத்துல போனா ஒவ்வொரு கோடும் தனியா எழுந்து நிக்கும். எழுத்தைப் பார்க்கணும்னு சாக்பீஸ் பூசறது, தண்ணி ஊத்தித் தேய்க்கறது கூடவே கூடாது. போன்ல டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சாலே போதும். கோயில்ல பூசை நடந்தா முடியற வரைக்கும் காத்திருங்க, செருப்பைக் கழட்டிடுங்க. பெரியவங்க யாராவது இருந்தா, சிற்பத்தைப் பத்தி அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளுங்க. புத்தகத்துல இருக்கறதோட அது ஒத்துப் போகாது, அதுக்காகத்தான் கேட்கச் சொல்றேன்.

திரும்பற வழியில நேரம் இருந்தா சின்னமனூர்ல இறங்கிப் பூலாநந்தீஸ்வரர் கோயிலையும் பார்த்துடுங்க. செப்பேடு கொடுத்த இராஜசிம்மனையும், அவன் இலங்கையில விட்டுட்டுப் போன மணிமுடியையும் பத்தி அடுத்த எபிசோடுல பேசுவோம்.